உலைக்கு வந்த தோட்டாக்கூடுகள்

கல்யாணமாகி நான் திருப்பூருக்கு வந்தபோது என் கணவர் ராயபுரத்தில் ஒரு பித்தளை வார்ப்புப் பட்டறை நடத்திக்கொண்டிருந்தார். வீடும் பட்டறையும் ஒரே மதிலுக்குள் இருந்தன. முன்னால் உலை, பின்னால் சமையலறை, நடுவில் திறந்த முற்றமாக ஒரு வாசல். சோமனூர்ப் பக்கம் விசைத்தறிகள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. தறியில் தண்டு சுழலும் இடத்தில் மாட்டுகிற பித்தளை வளையத்துக்கு புஷ் என்று பெயர். ஓட ஓட அது தேய்ந்துபோகும், மாற்றியாக வேண்டும். அதைத்தான் நாங்கள் வார்த்துக் கொடுத்தோம். பனியன் கம்பெனிக்காரர்களும் பின்னல் இயந்திரத்தில் ஏதாவது உடைந்தால் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

வார்ப்புக்கு வேண்டிய பித்தளை பழைய சாமானாகத்தான் வரும். அதை வாசலில் கொட்டி, இரும்பையும் ஈயத்தையும் பிரித்து எடுப்பது என் வேலை. எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தது இதற்குத்தானா என்று என் அம்மா வருத்தப்படுவாள். எனக்கோ அந்த வேலை பிடித்திருந்தது. ஒவ்வொரு துண்டும் எங்கிருந்தோ வந்தது. ஒரு சொம்பின் விளிம்பில் யாரோ ஒருத்தியின் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கும். கைப்பிடி உடைந்த குழாயில் சீமைக் கம்பெனியின் முத்திரை இருக்கும். உருகுவதற்கு முன்னால் அவற்றைப் படித்த கடைசி ஆள் நான்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

சீனாக்காரனோடு சண்டை முடிந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. எங்களுக்கு வழக்கமாகச் சரக்குக் கொடுக்கும் பழைய சாமான் வியாபாரி ஒருநாள் வண்டியில் சில கோணி மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார். ராணுவ ஏலத்தில் கைமாறிக் கைமாறி வந்த சரக்காம். எங்கள் எருமைக் கொட்டத்தின் ஓரமாக அவற்றை அடுக்கிவிட்டுப் போனார். முதல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டியபோது வாசலே மஞ்சளாக மின்னியது. எல்லாம் துப்பாக்கித் தோட்டாவின் கூடுகள். சுட்டு முடித்து, குண்டு பறந்துபோனபின் மிஞ்சுகிற வெற்றுக் குழல்கள்.

ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம் இருந்தது. ஒரு குட்டிப் பாட்டிலைப் போல, உடம்பு பருத்து, தோளில் ஒடுங்கி, கழுத்து மெலிந்திருந்தது. அடியில் ஒரு விளிம்பு, அதன் நடுவில் பொட்டு வைத்தது போல ஒரு சின்ன மூடி. அந்த மூடியில் ஊசி குத்தியது போன்ற பள்ளம். அதைச் சுற்றி எழுத்துகள் பொறித்திருந்தன. சிலவற்றில் கே, எஃப் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் அவற்றின் நடுவே கோழிக்கால் போல ஓர் அம்புக்குறியும் இருந்தன. சிலவற்றில் டி, சி. பெரும்பாலானவற்றில், பள்ளிக்கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் ஏழு மணிக்குப் போட்டிருக்குமே, அந்த ரோமன் எழுத்து ஏழு. கூடவே நாற்பத்திரண்டு, நாற்பத்து நான்கு என்று எண்கள். அது வருஷமாகத்தான் இருக்கும் என்று ஊகித்தேன். ஏழு என்ன ஏழு என்று மட்டும் பிடிபடவில்லை.

கணவரிடம் காட்டினேன். அவர் ஒன்றைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"படிச்சாலும் பித்தளைதான், படிக்காட்டியும் பித்தளைதான் புள்ள. நல்ல சரக்கு. இரும்பே இல்ல, பாரு."

உண்மைதான். அத்தனை சுத்தமான பித்தளை அதுவரை எங்களுக்கு வந்ததில்லை. அதனாலேயே மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் உலையில் வேலை செய்தவர் பல்லடம் பக்கத்திலிருந்து வந்தவர். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன், அவர் என்னை அம்முணி என்பார். இரண்டு மூட்டைகள் பிரச்சினை இல்லாமல் உருகி, புஷ்ஷாகிப் போயின. மூன்றாவது மூட்டையைத் தொடங்கிய காலையில், மூசைக்குள், அதாவது உருக்கும் குடுவைக்குள், ஏற்கெனவே உருகிய பித்தளை தளதளத்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு கூடைக் கூடுகளை அதில் சரித்துவிட்டு இடுக்கியை எடுக்கத் திரும்பினார். பட் என்று ஒரு சத்தம். மூச்சு விடுவதற்குள் இன்னொன்று. உருகிய பித்தளை மேலே சிதறி, கூரைத் தகரத்தில் பட்டுத் தெறித்தது. திரும்பி நின்றதால் அவர் கண் தப்பியது. இடது முன்கையிலும் காதுக்குப் பின்னாலும் சுடுபித்தளை விழுந்துவிட்டது. கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கணவர் அவரை ஜட்கா வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

சாயங்காலம் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். எல்லாரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள், ஈரம். முந்தின வாரம் மழை பெய்திருந்தது. உருகிய பித்தளையில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சீறி அடிக்கும் என்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். என் கணவரும் தலையாட்டினார். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஒவ்வொன்றாகப் பார்க்காவிட்டாலும், அந்த மூட்டையை நான்தான் வாசலில் பரப்பி, நல்ல வெயிலில் காயப்போட்டு எடுத்திருந்தேன். அதோடு, ஈரம் பட்டுப் பித்தளை சீறுவதை முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன். அது புஸ் என்று பொங்கும் சத்தம். இது சாட்டை சொடுக்கியது போல இருந்தது, அதுவும் தனித்தனியாக இரண்டு.

மறுநாள் உலையைச் சுற்றிப் பெருக்கும்போது சுவரோரம் ஒரு கூடு கிடைத்தது. உருகுவதற்கு முன்பே வெளியே எறியப்பட்டிருந்தது. மற்றக் கூடுகளின் வாய் வட்டமாக, வழவழவென்று இருக்கும். இதன் உடம்போ பூ மலர்ந்தது போலக் கிழிந்து விரிந்திருந்தது. உள்ளிருந்து ஏதோ தள்ளியிருக்கிறது. ஈரமென்றால் ஆவி கூட்டின் வாய் வழியாகவே போய்விடுமே, உடம்பை எதற்குக் கிழிக்க வேண்டும்?

மிச்சமிருந்த மூட்டைகளை வாசலின் கடைசி மூலைக்கு இழுத்துப்போய், கை கையாக அள்ளி ஆராய்ந்தேன். அவற்றில் முதலில் அவிழ்த்ததில் எல்லாம் வெற்றுக் கூடுகள். இரண்டாவதின் அடியில்தான் அவை இருந்தன. கழுத்தில் கூர்மையான குண்டு அப்படியே செருகியிருந்த முழுத் தோட்டாக்கள். பயம் இருந்தது, ஆனால் அதைவிட அதிகமாக, இவை ஒவ்வொன்றும் எதனால் வேறு வேறாக இருக்கின்றன என்ற கேள்விதான் இருந்தது. முறங்களை எடுத்துவந்து, ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துப் பிரித்தேன்.

ஒரு முறத்தில், அடியிலுள்ள மூடியில் பள்ளம் விழாத தோட்டாக்கள். இவை சுடப்படாதவை என்பது தெளிவு. அவற்றிலும் மூடியைச் சுற்றிச் சிலதில் கத்தரிப்பூ நிறத்தில் மெல்லிய வளையம், சிலதில் குங்குமம் தீட்டியது போலச் சிவப்பு வளையம். இன்னொரு முறத்தில், குண்டு இருந்தாலும் மூடியில் பள்ளம் விழுந்தவை. இவற்றை யாரோ சுட்டுப் பார்த்திருக்கிறார்கள், வெடிக்கவில்லை, ஆகவே செத்தவை என்று முடிவு கட்டி, வெற்றுக் கூடுகளின் பக்கத்தில் வைத்தேன். மூன்றாவதில் விசித்திரமாக இரண்டு மூன்று. உடம்பில் நீளவாக்கில் வரி வரியாகப் பள்ளம், அந்தப் பள்ளங்களில் சிவப்புச் சாயம், அடியில் மூடியே இல்லாமல் ஓட்டை. பார்த்தாலே ஆபத்தானவை போல இருந்ததால் தூரத்தில் தனியாக வைத்தேன். கடைசியாக ஒன்று எதிலும் சேரவில்லை. மற்றவற்றைவிட ஒல்லி, விளிம்பு துருத்தாமல் உடம்போடு ஒட்டியிருந்தது. அடியில் ஓர் எழுத்துகூட இல்லை. எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் வெறும் பித்தளைதான்.

கணவர் முறங்களைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். தெருக்கோடியில் கிணறுகளுக்கு வெடி வைக்கிற ஒருவர் இருந்தார். பாறையைத் தகர்ப்பதில் சுற்றுவட்டாரத்தில் பேர் எடுத்தவர். அவரைக் கூட்டிவந்தோம். அவர் கிட்டே வரவில்லை, தூரத்திலேயே குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"என்ற மருந்துக்குத் திரி இருக்குதுங்க, நான் பத்த வச்சாத்தான் வெடிக்கும். இது எதுக்கு வெடிக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. தெரியாததைத் தொடறதில்லீங்க நானு" என்றார். எங்களையும் இனிமேல் தொடாமல், வெயில் படாமல் வைக்கச் சொன்னார். ஸ்டேஷனுக்குப் போவதானால் கையில் ஒன்றும் எடுத்துப் போகாதீர்கள், சொல்லிவிட்டு மட்டும் வாருங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்டேஷன் என்ற சொல்தான் என் கணவரைக் கலக்கியது. சண்டைக்குப் பிறகு ராணுவச் சாமான் என்றாலே ஆட்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். தோட்டா வைத்திருந்தான் என்று பிடித்து உள்ளே போட்டுவிட்டால் பட்டறை என்னவாகும், உன்னை உன் அப்பன் வீட்டுக்கா அனுப்புவது என்று அவர் புலம்பினார். பின்பக்கத்துப் பாழுங்கிணற்றில் போட்டு மண்ணைத் தள்ளிவிடலாம் என்பது அவர் யோசனை.

"ஏனுங்க, என்னைக்காச்சும் ஒருத்தரு அந்தக் கிணத்தைத் தூர் வாரமாட்டாங்களா? கடப்பாரையப் போட்டுக் குத்தமாட்டாங்களா?" என்று கேட்டேன்.

எங்கள் வாக்குவாதம் இழுத்துக்கொண்டிருந்தபோதே உலைக்காரர், கையில் பெரிய கட்டோடு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேர்ந்தார். ஈரம் என்று சொன்னதை அவரும் நம்பவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வெடித்த கூட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போலீசு கேட்டா என்ற கையைக் காட்டுங்க. வேணும்னு யாருங்க இப்படிச் சுட்டுக்குவாங்க?" என்றார்.

அதற்குமேல் கணவர் வாதாடவில்லை. இரண்டு பேருமாக ஸ்டேஷனுக்குப் போனோம். எழுத்துகள் என்னென்ன என்று நான் மனப்பாடமாகச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தார். தோட்டாவை எடுத்து வைத்திருந்தவள் தானே வந்து அடையாளம் சொல்வதை அவர் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார். ஏட்டு ஒருவரை எங்களோடு அனுப்பினார். ஏட்டு நிதானமானவர். முறங்களைப் பார்த்தார், மீசையைத் தடவினார், இரண்டு கூடை ஆற்றுமணல் கொண்டுவரச் சொல்லி எல்லாவற்றையும் மணல்மெத்தைமேல் வைத்து மூடவைத்தார். பிறகு இது எங்களால் ஆகிற காரியம் இல்லை, பட்டாளத்துக்குத்தான் தந்தி அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் எங்களைப் பிடித்து உள்ளே போடவில்லை. உலை மட்டும் ஆறிக் கிடந்தது. எருமையை வேறு இடத்துக்கு மாற்றிக் கட்டினோம்.

சில நாட்களில் ஒரு ஜீப் வந்தது. வெடிமருந்து சோதிக்கும் பிரிவிலிருந்து ஒரு சுபேதாரும் இரண்டு சிப்பாய்களும். சுபேதார் வேலூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் பேசினார் என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். கேட்க என்னிடம் அத்தனை கேள்விகள் இருந்தன. மணலை விலக்கி முறங்களைப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"இதைப் பிரிச்சது யாரு?"

நான்தான் என்றேன்.

"நீங்க பிரிச்சிருக்கவே கூடாதும்மா. ஆனா நல்லாத்தான் பிரிச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, கோணியை விரித்து வெளிச்சத்தில் உட்கார்ந்தார்.

தூர நின்றபடி நான் கேட்கக் கேட்க அவர் சலிக்காமல் பதில் சொன்னார். அம்புக்குறி சர்க்கார் ராணுவச் சொத்து என்பதற்கு அடையாளமாம். நடுவில் அம்பு போட்ட எழுத்து புனா பக்கத்துத் தொழிற்சாலையில் செய்தது. டி, சி என்பது கனடாவிலிருந்து கப்பலில் வந்தது. ரோமன் ஏழு, இந்தத் தோட்டாவின் வடிவத்தை மாற்றி மாற்றி ஏழாவதாக வந்த மாதிரி என்று பொருள். முன்னூற்று மூன்று என்று சொல்கிற ரைபிளுக்கு உரியது. கத்தரிப்பூ வளையம் சாதாரணக் குண்டு. சிவப்பு வளையம் போட்டதன் குண்டுக்குள் எரிகிற மருந்து இருக்கும், பறக்கும்போது கோடு இழுத்தது போல வெளிச்சம் காட்டும். அது எங்கே விழுகிறதோ அங்கே தீப்பிடிக்கலாம். உலையில் விழுந்திருந்தால் என்று நான் தொடங்கினேன். அவர் உலைக்காரரின் கட்டைப் பார்த்துவிட்டு அடுத்த முறத்துக்கு நகர்ந்தார்.

நான் பயந்து தூரத்தில் வைத்திருந்த வரிப்பள்ளத் தோட்டாக்களைக் கையில் எடுத்து, குலுக்கி, என்னிடமே நீட்டினார். அவை சிப்பாய்களுக்குத் துப்பாக்கியில் தோட்டா போட்டு எடுக்கப் பழக்குவதற்காகச் செய்தவை. உள்ளே மருந்து கிடையாது, வெடிக்க மூடியும் கிடையாது. இருட்டில் கை தடவினாலும் தெரியட்டும் என்றுதான் வரிகள் போட்டிருக்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து, செத்தவை என்று நான் வெற்றுக் கூடுகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்த முறத்தின்மேல் அவர் பார்வை விழுந்ததும், சிப்பாய்களை இரண்டடி பின்னால் போகச் சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஊசி குத்தியும் வெடிக்கலைன்னா அது செத்துப்போச்சுன்னு அர்த்தமில்லைம்மா. மூடிக்குள்ள இருக்கிற மருந்து அடி வாங்கி நிக்குது. எப்ப எதுக்கு எழுந்துக்கும்னு எனக்கே தெரியாது. மத்ததைவிட இதுகிட்டதான் எனக்குப் பயம்."

அவர் கை அந்த முறத்தருகே எவ்வளவு மெதுவாகப் போனது என்பது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவற்றை மணல் நிரப்பிய பெட்டியில், ஒன்றோடு ஒன்று படாமல் படுக்க வைத்தார். வெற்றுக் கூடுகளையும் விடவில்லை. குண்டு இல்லாவிட்டாலும் மூடியில் பள்ளம் விழாத கூடுகள் அவற்றுள் சில இருந்தன. குண்டைக் கழற்றி, மருந்தைக் கொட்டிவிட்டு யாரோ போட்டவை. அந்தச் சின்ன மூடி இன்னும் உயிரோடு இருக்கிறது, உலையில் போட்டால் அதுவும் சொடுக்கும் என்றார். ஆனால் உடம்பு கிழிந்த கூட்டைக் காட்டியதும், இது வெறும் மூடியின் வேலையில்லை, முழுத் தோட்டா என்று உடனே சொல்லிவிட்டார்.

எனக்கு இன்னொரு சந்தேகம் பாக்கி இருந்தது. சில தோட்டாக்களின் கழுத்திலும் சில வெற்றுக் கூடுகளின் கழுத்திலும் தலைமயிர் போல விரிசல் ஓடியிருந்தது. கொட்டத்துப் பக்கமாக இருந்த மூட்டையில்தான் அப்படி அதிகம், சுவர்ப் பக்கத்து மூட்டையில் அவ்வளவாக இல்லை. இதைச் சொன்னபோது அவர் முதல்முறையாக எழுந்து வந்து கொட்டத்தை எட்டிப் பார்த்தார். வெள்ளைக்காரன் காலத்தில் குதிரை லாயத்தில் அடுக்கிய தோட்டாக்கள் மழைக்காலத்தில் இப்படித்தான் விரிசல் விடுமாம். மூத்திரத்திலிருந்து எழும் காட்டமான ஆவி, இறுக்கி வளைத்த பித்தளையை அரித்துவிடும். காரணம் தெரிவதற்கு முன்னால் பல வருஷங்கள் குழம்பினார்களாம். எங்கள் எருமைக்கும் அதில் பங்கு உண்டா, இல்லை வரும்போதே விரிசலோடு வந்தவையா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அப்படி விரிந்த தோட்டாவைத் துப்பாக்கியில் போட்டால் சூடான புகை பின்னால் பீறிட்டுச் சுடுகிறவனின் முகத்தில் அடிக்கும் என்றார்.

விரிசல் விட்ட ஒன்றில் குண்டு பால்பல் போல ஆடிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, எங்களை இன்னும் தள்ளி நிற்கச் சொல்லி, அதை விரல்களால் இழுத்துக் கழற்றினார். உள்ளே கறுப்புப் பொடி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். விழுந்ததோ சேமியா போன்ற பழுப்புக் குச்சிகள், ஒரே நீளத்தில், கத்தையாக. தரையில் வைத்துத் தீக்குச்சியை நீட்டினார். மஞ்சள் தீ சர்ரென்று எரிந்து அடங்கியது. வெடிச் சத்தமே இல்லை.

"இவ்வளவுதானுங்களா?" என்றார் என் கணவர், ஏமாந்தவர் போல.

வெளியே இவ்வளவுதான், பித்தளைக்குள் அடைத்துவிட்டால் போக வழி இல்லாமல் அதுவே குண்டைத் தள்ளும் என்றார் சுபேதார். உலையில் அதுவே உருகிய பித்தளையை அள்ளி எறிந்திருக்கிறது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈரம் என்று சொன்னவர் ஒருவர், தன் கொட்டகையிலும் இதே வியாபாரி இறக்கிய மூட்டை ஒன்று கிடப்பதாக மெல்லச் சொன்னார். சிப்பாய்கள் அங்கேயும் போனார்கள். அதிலும் சில கிடைத்தன.

எழுத்தில்லாத தோட்டாவைக் கடைசிவரை ஒதுக்கி வைத்திருந்தார் சுபேதார். விளிம்பைத் தடவிப் பார்த்தார், வெயிலில் சாய்த்துப் பார்த்தார். ஜப்பான்காரன் தன் தோட்டாவில் எழுத்துப் பொறிப்பதில்லை, பர்மாவிலிருந்து திரும்பிய படையோடு வந்ததாக இருக்கலாம் என்றார். நிச்சயமா என்று கேட்டேன். நிச்சயமில்லை, அடையாளம் தெரியாததை வெடிக்கும் என்றே வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம் என்று சொல்லி, அதைத் தனிப் பெட்டியில் வைத்து மூடினார். எல்லாவற்றையும் பல்லடம் ரோட்டில் ஒரு கைவிட்ட கல்குழிக்குக் கொண்டுபோய் அழித்தார்கள். என் கணவர் பார்க்கப் போனார். அவரைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில் நிறுத்திவிட்டார்களாம், புகைதான் தெரிந்தது என்று வந்து சொன்னார்.

வியாபாரியை ஸ்டேஷனில் கூப்பிட்டு விசாரித்தார்கள். தனக்கு மேலே விற்றவரைக் கைகாட்டினார். அந்த வரிசை எங்கே போய் முடிந்தது என்று எங்களுக்குத் தெரியவே இல்லை. உலைக்காரருக்குக் காயம் ஆற மழைக்காலம் முழுக்க ஆனது. முன்கையில் தோல் வழவழவென்று மின்னியது, காது மடலின் ஓரம் சுருங்கிவிட்டது. அவர் வேலைக்குத் திரும்பினார். ஆனால் கூடையை மூசையில் சரிப்பதற்கு முன் தானே ஒருமுறை கையால் அளைந்து பார்க்காமல் விடமாட்டார். தோட்டாக்கூடு எங்கள் பட்டறைக்குள் அதற்குப் பிறகு வரவில்லை.

எனக்குத்தான் புது வேலை ஒன்று சேர்ந்தது. சோமனூர், அவிநாசிப் பக்கத்துப் பட்டறைகளில் சந்தேகமான மூட்டை எது வந்தாலும் வீட்டுக்காரப் பெண்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். போவேன், மூட்டைக்குள் கைவிடாமல் தார்ப்பாயில் மெதுவாகச் சரிக்கச் சொல்லி, நின்ற இடத்திலிருந்தே பார்ப்பேன். குண்டு இருப்பது தெரிந்தால் தொடாமல் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பச் சொல்வேன். அது அபூர்வம். பெரும்பாலும் பெல்ட் கொக்கிகளும் சட்டைப் பித்தான்களும்தான் வரும். ஒருமுறை ஊதுகுழல் ஒன்று, வாய்ப்பகுதி தேய்ந்து, யாரோ ஒரு சிப்பாய் கத்தியால் சுரண்டிய எழுத்துகளோடு வந்தது. எந்தப் பாஷை என்று எனக்குப் புரியவில்லை. சீக்கியர்கள் எழுதும் குருமுகியாக இருக்கும் என்று பார்த்தவர் ஒருவர் சொன்னார். அந்த வீட்டுப் பெண் அதை உலையில் போடாமல் எனக்குக் கொடுத்துவிட்டாள். குருமுகி தெரிந்த ஒருவர் பஞ்சாலையில் மிஷின் பூட்ட வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, மறுநாள் காலையில் அதை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.